சோறு தின்னும் நாயிடம் வம்பு வேண்டாம்!

நாய் நன்றியுள்ள பிராணி. ஒரு பிடி சோறு போட்டவரை அது ஆயுள் முழுவதும் மறக்காது என்கிறோம்.

அதே நாய், சோறு போட்ட கையைப் பார்த்தே உறுமினால்?

"நன்றி கெட்ட நாயே!" என்று கத்துகிறோம். கம்பை எடுக்கிறோம். சில வீடுகளில் அன்று மாலையே அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே விட்டு விடுகிறார்கள்.

இது நியாயம் இல்லை என்பது என் கருத்து. நியாயம் இல்லாதது மட்டும் அல்ல, வீட்டில் உள்ளவர்களுக்கு ஆபத்தும் கூட.

பயம்தான் காரணம்

தட்டின் மேல் கவிழ்ந்துகொண்டு உறுமும் நாய்க்கு உங்கள் மேல் கோபம் கிடையாது. தன் சோறு பறிபோய் விடுமோ என்ற பயம்தான். கிடைத்த எலும்பை அந்த இடத்திலேயே காப்பாற்றிக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது அடுத்த நாய்க்குப் போய்விடும். நாயிடம் பெட்டி ஏது, பூட்டு ஏது? பல்தான் அதற்குப் பூட்டு!

"நாட்டு நாய்தான் இப்படிச் செய்யும், வெளிநாட்டு நாய் சாது" என்று சிலர் சொல்லுவார்கள். நம்பாதீர்கள். ராஜபாளையம் நாயும் உறுமும், லாப்ரடார் நாயும் உறுமும். சோற்றுக்கு மட்டும் அல்ல. பந்து, பழைய செருப்பு, படுக்கும் சாக்கு ஆகியவற்றுக்குக் கூடக் காவல் இருக்கும் நாய்கள் உண்டு.

உறுமல் ஓர் எச்சரிக்கை

நாய் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் கடிப்பது இல்லை. முதலில் அவசர அவசரமாக விழுங்கும். பிறகு தின்பதை நிறுத்திவிட்டு, உடம்பை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். தலை தட்டின் மேல் இருக்கும். கண் மட்டும் உங்கள் பக்கம் திரும்பும். வெள்ளை விழி தெரியும். உதடு மேலே ஏறும். உறுமும். வெறும் காற்றைக் கவ்வும். இத்தனைக்கும் நீங்கள் விலகாவிட்டால்தான் கடி.

உறுமியதற்காக அடித்தால் என்ன ஆகும்?

உறுமுவதை அது நிறுத்தி விடும். "பார்த்தாயா, அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று வீட்டுக்காரர் மீசையை முறுக்குவார். ஆனால் நாயின் பயம் போகவில்லை. இரண்டு மடங்கு ஆகிவிட்டது. போனது எச்சரிக்கை மட்டும்தான். அடுத்த தடவை அது சத்தம் காட்டாமலே கடிக்கும். அப்போது பக்கத்தில் இருப்பவர், அடித்தவராகத்தான் இருப்பார் என்பது என்ன நிச்சயம்? தவழ்ந்து வந்த குழந்தையாகவும் இருக்கலாம்.

இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. குட்டி தின்னும்போது தட்டில் கையை விட்டுக் கிளறுவார்கள். பாதியில் தட்டைப் பிடுங்கி, பிறகு கொடுப்பார்கள். "எஜமான் யார் என்று தெரிய வேண்டாமா?" என்பார்கள்.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். ஒருவர் தினமும் வந்து உங்கள் இலையை இழுத்து இழுத்து விடுகிறார். அவரை எஜமான் என்று கும்பிடுவீர்களா? அவர் தலை தெரிந்ததுமே இலையைக் கையால் மறைப்பீர்கள். நாயும் அதைத்தான் செய்கிறது.

கொடுக்கிற கை

பாவ்லவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி நாய்களை வைத்து ஆராய்ச்சி செய்தார். 1904-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் அவர். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தத்தைத் தொடர்ந்து கேட்கச் செய்தால், பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறுகிறது என்று அவர் கண்டார்.

உங்கள் காலடிச் சத்தத்தை அப்படி ஆக்கிவிடுங்கள்!

நாய் தின்னும்போது, அது விறைக்காத தூரத்தில் நடந்து போங்கள். அது பத்து அடியாக இருந்தால் பத்து அடி. போகிற போக்கில் ஒரு துண்டு அவித்த முட்டையைத் தட்டின் பக்கம் போடுங்கள். எலும்பு இல்லாத கோழிக்கறியும் போடலாம். நிற்காமல் போய்விடுங்கள். தட்டில் இருப்பதைவிட ருசியானதாக இருக்க வேண்டும். தயிர்ச்சோறு தின்னும் நாய்க்குத் தயிர்ச்சோற்றையே எறிந்தால் பயன் இல்லை. (குழம்பில் கிடந்த கறி வேண்டாம். வெங்காயம் நாய்க்கு ஆகாது.)

தினமும் இப்படிச் செய்தால், உங்கள் காலடி கேட்டதும் நாய் தலையை நிமிர்த்தி வாலை ஆட்டும் நாள் வரும். அதற்குப் பிறகு அரை அடி நெருங்குங்கள். மறுபடியும் விறைத்தால், அவசரப்பட்டு விட்டீர்கள் என்று அர்த்தம். பழைய தூரத்துக்கே போய்விடுங்கள். வாரக்கணக்கில் ஆகும். அலுத்துக்கொள்ளக் கூடாது.

செருப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனால் துரத்தாதீர்கள். முட்டைத் துண்டைக் காட்டுங்கள். செருப்பை விட்டுவிட்டு வரும். பண்டமாற்று வியாபாரம்தான்!

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

இந்தப் பழக்கத்தைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். பிள்ளைகள் கிட்டவே போகக் கூடாது. நாய்க்குக் கொல்லைப்புறத்திலோ, கதவு சாத்திய இடத்திலோ சோறு வையுங்கள். தின்று முடித்து அது வெளியே வந்த பிறகு தட்டை எடுங்கள். கையில் முறுக்கோடு நடை பழகும் குழந்தையை நாய்க்குப் பக்கத்தில் தனியாக விடாதீர்கள். முறுக்கு கீழே விழும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிவார்கள். இரண்டு நாய்கள் இருந்தால் இரண்டு மூலையில் இரண்டு தட்டு வையுங்கள்.

வயதான நாய் திடீரென்று உறுமத் தொடங்கினால் பல்வலியோ, வேறு நோயோ இருக்கலாம். கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஏற்கனவே ஒருவரைக் கடித்த நாயை நீங்களாகப் பழக்க வேண்டாம். அதற்கும் கால்நடை டாக்டரின் யோசனைதான் வேண்டும்.

கடித்து விட்டால்?

வீட்டு நாய்தானே என்று சும்மா இருந்து விடாதீர்கள். காயத்தைச் சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது மிக மிக அபூர்வம். முன்கூட்டியே ஊசி போட்டால் தடுத்து விடலாம்.

அந்த ஊசியை 1885-ல் பிரான்ஸ் தேசத்து லூயி பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போட்டார். நம் குன்னூரில் அவர் பெயரால் 1907 முதல் ஒரு நிலையம் இருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இப்போது வேண்டாம். அந்தக் காலம் போய்விட்டது. சில ஊசிகள்தான். அதுவும் கையில்தான் போடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பணம் வாங்குவது இல்லை. டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில் தவறாமல் போய், எல்லா ஊசிகளையும் போட்டுக் கொள்ளுங்கள்.