கண்ணீரைக் கூட்டுவதா திருத்தம்?

நம் நண்பரொருவர், தோட்டத்து வாழ்வைப் பற்றித் தாம் எழுதிய சிறுகதையை நம்மிடம் இருமுறை காட்டினார். முதற் பிரதியில், மகனைச் சாகக்கொடுத்த தாயொருத்தி, காரியம் முடிந்த மறுநாள் பால்மரம் வெட்டப் போவதற்காக விடியுமுன் எழுகிறாள். பழக்கத்தால் இரண்டு தூக்குச்சட்டிகளிலும் சோற்றை நிரப்பிவிடுகிறாள். பிறகு, ஒன்றை என்ன செய்வதென்றறியாமல், இரண்டையும் சுமந்துகொண்டே பெரட்டுக்கு வந்து நிற்கிறாள். அவ்வளவே. படித்த நாம் தாள்களை மடித்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய் நின்றோம்.

"உருக்கம் போதாது" என்று யாரோ ஒரு புத்திமான் அவருக்கு உபதேசித்தாராம். இரண்டாம் பிரதியில் தூக்குச்சட்டியைக் காணோம்! அதற்குப் பதிலாக மூன்று பக்கம் புலம்பல். விதியை நோவது, தெய்வத்தைக் கேள்வி கேட்பது, போதாக்குறைக்கு வானமும் அழுகிறது. நம் கண் மட்டும் நனையவில்லை.

இதற்குத் திருத்தம் என்று பெயரிடுவதை நாம் வன்மையாக மறுக்கிறோம். கதாபாத்திரமே எல்லாக் கண்ணீரையும் வடித்துத் தீர்த்துவிட்டால் வாசகனுக்கு மிஞ்சுவது யாது? ருஷிய ஆசிரியர் செகாவ், லிடியா அவிலோவா என்னும் எழுத்தாளருக்கு 1892இல் வரைந்த கடிதத்தில், துன்பப்படுவோரைப் பற்றி எழுதுங்கால் சற்று விலகி நின்று, தம் உணர்ச்சியைக் காட்டாது எழுதுமாறு கூறினார். அந்த அடக்கத்தின் எதிரேதான் பிறர் துயரம் எடுப்பாய்த் தெரியுமென்பது அவர் கருத்து.

"செகாவ் ருஷியர், நாமோ ஒப்பாரி வைத்து அழும் இனத்தார்" எனச் சிலர் வாதிக்கலாம். இவர்கள் ஒப்பாரியைச் செவிகொடுத்துக் கேட்டதில்லை போலும்! நம் பாட்டிமார் "துக்கம், துக்கம்" என்றா பாடினார்கள்? மாண்டவன் உண்ட வட்டிலையும், படுத்த பாயையும், அவன் வரும் வழியையும் பெயர் சொல்லியல்லவா அழுதார்கள்!

தொழிலால் நாம் தோட்டத்துக் கிராணி. செக்ரோலில் ஒரு பெயருக்கு நேரே, மாதத்தின் நடுவில் குறி நின்றுபோய், மிச்சக் கட்டங்கள் வெறுமையாய்க் கிடப்பதைக் கண்டிருக்கிறோம். அக்கட்டங்கள் நம்மைக் கலக்கியதுபோல் எந்தக் கதையின் வானமும் கலக்கியதில்லை.

"டிக்கன்ஸும் நண்பர் சொல்லுக்கிணங்க மாற்றவில்லையா?" என்றார் நம்மவர். மெய்தான். லிட்டனின் யோசனைப்படி 1861இல் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முடிவை மாற்றினார். காதலர் பிரிந்தே போகும் பழைய முடிவே மேலென்போர் இன்றுமுளர்.

மூன்று பக்கங்களையும் அடித்துவிட்டுத் தூக்குச்சட்டியை இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னோம். ஏதேனும் சேர்த்தே தீரவேண்டுமாயின், அதனுள் அன்று என்ன குழம்பு என்பதைச் சேர்க்கட்டும் என்றோம். நண்பர் தாள்களைப் பிடுங்கிக்கொண்டு போனவர், இன்னும் நம்மோடு பேசவில்லை.