சங்கு ஓய்ந்த பின்னர்



ஆலைச் சங்கின் ஒலியில் கண்விழித்து, மறு சங்கின் ஒலியில் வீடு திரும்பிய தலைமுறை ஒன்று இராசபாளையத்தில் உண்டு. 1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராசபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பின், பருத்தியும் நூலும் அவ்வூர் மக்களின் நாள்முறையையே மாற்றி அமைத்தன. அத்தலைமுறையின் பிள்ளைகளும் இன்று ஓய்வு பெறும் வயதை எட்டிவிட்டனர். ஓய்வு என்பது எவ்வாறு வருகின்றது, வந்தபின் அதனை எவ்வாறு ஏற்பது என்பதையே இம்மாதம் நாம் சிந்திக்க விழைகின்றோம்.

பல பணிகளைச் செய்து முடித்த ஒரு வாழ்வை எண்ணும்போது, அவ்வூர் ஈன்ற பூ. ச. குமாரசுவாமி ராஜாவே நம் நினைவுக்கு வருகின்றார். 1898-இல் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். உள்ளூர் ஆட்சி மன்றங்களில் தொடங்கிய அவருடைய பொதுப்பணி, 1949-இல் அவரைச் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக்கியது. 1950-இல் நாடு குடியரசானபோது அப்பொறுப்பில் இருந்தவரும் அவரே. 1952 தேர்தலில் அவர் தோல்வியுற்றார். பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார், 1957-இல் மறைந்தார். பதவிகள் வந்தன, போயின. ஆனால் தமது வீட்டையே காந்தி கலைமன்றத்திற்கென ஊராருக்கு அவர் ஈந்தது இன்றும் பேசப்படுகின்றது. பதவி கையை விட்டுச் சென்ற பின்னரும் கொடுப்பதற்கு ஒருவரிடம் ஏதேனும் எஞ்சியிருக்கும் என்பதை அவ்வாழ்வு நமக்குக் காட்டுகின்றது.

பெரியோரின் நிலை அது. எளிய உழைப்பாளியின் நிலை என்ன? எடுத்துக்காட்டாக ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சிறுவயதில் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறியருகே நின்றார். பின்னர் நூற்பாலையில் அறுந்த இழைகளைப் பிணைத்தார். ஆலையில் வேலை குறைந்தபோது திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தேறிப் பால்கோவா அடுப்பின் முன் கரண்டி பிடித்தார். மீண்டும் வேறோர் ஆலை. இறுதியில் பள்ளிக்கூடக் காவல். இத்தகையவரிடம், "நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று பேரப்பிள்ளை கேட்டால், எதைச் சொல்வது என்று அவர் திகைப்பார். "ஒன்றிலும் நிலைக்கவில்லையே" என்று சோர்வடைவோரும் உண்டு. அச்சோர்வுக்குச் சிறிதும் இடமில்லை. அடுப்பு மாறியதே ஒழிய, அதில் வெந்த சோறு ஒரே குடும்பத்தின் பசியைத்தான் ஆற்றியது.

ஆயினும் பல இடங்களில் உழைத்தவருக்கு ஒரு பெரிய இடர் உண்டு. அதனை இங்கு விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டத்தின் கீழ், 1995 நவம்பர் முதல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் மாத ஓய்வூதியம் பெறுவதற்குக் குறைந்தது பத்தாண்டுப் பணி வேண்டும். ஓர் ஆலையில் நான்கு ஆண்டு, மற்றோர் ஆலையில் ஐந்து ஆண்டு, மூன்றாவதில் ஆறு ஆண்டு உழைத்தவருக்குக் கூட்டினால் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் வேலை மாறும்போதெல்லாம் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துச் செலவிட்டிருந்தால், எஞ்சுவது ஆறாண்டு மட்டுமே. மாத ஓய்வூதியம் கிட்டாது. பணத்தை எடுக்காமல் பழைய கணக்கைப் புதிய கணக்கோடு இணைத்திருந்தாலோ, பணிக்காலத்தைக் காக்கும் திட்டச் சான்றிதழைப் பெற்று வைத்திருந்தாலோ, அந்த ஆண்டுகள் அழிவதில்லை.

கணக்கும் எளியதே. ஓய்வூதியத்திற்குரிய சராசரி மாத ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி, எழுபதால் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பின் வேலையில் சேர்ந்த ஒருவருக்குச் சராசரி ஊதியம் 14,000 ரூபாய், பணி பத்தாண்டு எனக் கொண்டால், மாதம் 2,000 ரூபாய் வரும். சிறு தொகைதான். ஆனால் மாதந்தோறும் வரும் சிறு தொகை, ஒரு முதியவர் மருந்துக்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் மகனிடம் கைநீட்டாதபடி காக்கும். கணவர் மறைந்தால் அதில் ஒரு பகுதி மனைவிக்கும் தொடரும். ஆதலின் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஏட்டில் சரியாக உள்ளனவா என்பதை இப்போதே பார்த்துக்கொள்வது நலம்.

பணிக்கொடை மொத்தமாகக் கைக்கு வருவது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறைப்படி, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம். மாதத்திற்கு இருபத்தாறு நாள் எனக் கணக்கு. கடைசி ஊதியம் 13,000 ரூபாயும் பணி இருபது ஆண்டும் ஆனால், 1,50,000 ரூபாய் ஆகும். இத்தொகை வந்த மறுநாளே அதற்குப் பல உரிமையாளர்கள் தோன்றுவர். மகனுக்குக் கடை வைக்க வேண்டும். மகளுக்குச் சீர் செய்ய வேண்டும். கூரை ஓட்டை மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுப்பது தவறன்று. ஆனால் கணவனும் மனைவியும் தனித்து அமர்ந்து பேசி, தங்கள் இருவரின் இறுதிக்காலத்திற்கென ஒரு பங்கை ஒதுக்கிய பின்னரே கொடுத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஈந்துவிட்டுப் பின்னர் மனக்கசப்போடு கேட்பதைவிட, முதலிலேயே அன்போடு அளந்து கொடுப்பது குடும்ப அமைதிக்கு உகந்தது.

இன்னொன்றும் உண்டு. ஆண்மகன் ஓய்வு பெறுகின்றான். அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள் ஓய்வு பெறுவதில்லை. நேற்றுவரை காலையில் ஒருமுறை காப்பி போட்டவள், இன்று நான்குமுறை போட நேர்கின்றது. "நீங்கள் வேலைக்குப் போன காலமே நன்று" என்று அவள் நகைப்பாகச் சொல்வதில் உண்மையும் கலந்திருக்கும். தண்ணீர் பிடித்தல், காய் வாங்கல், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுதல் முதலியவற்றில் மூன்றையேனும் தம் பொறுப்பாக ஏற்கும் ஆடவரே ஓய்வைச் செம்மையாகத் தொடங்குகின்றார். அவ்வாறு தொடங்குபவருக்குப் பொழுது போகவில்லை என்ற குறையும் எழாது.

இன்றிரவு ஒரு தாளை எடுங்கள். முதல் வேலை தொடங்கிக் கடைசி வேலைவரை, இடம், ஆண்டு, வைப்புநிதி எண் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். எழுத வராதவருக்குப் பேரப்பிள்ளை எழுதித் தரட்டும். அத்தாளைக் கொண்டு விட்டுப்போன ஆண்டுகளைத் தேடிப் பெறலாம். அதைவிடவும், தாத்தா எத்தனை அடுப்புகளின் வெம்மையில் நின்று தன்னை வளர்த்தார் என்பதை, எழுதும் அந்தச் சிறுகை அன்றே அறிந்துகொள்ளும்.