நாற்காலி வந்தது; ஆள் போயிற்று!

கோவை ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் சாலையிலும் விளக்கேற்றும் வேளை வந்துவிட்டால் பட்டு பளபளக்கிறது, பொன் மின்னுகிறது, கண்ணாடிக் கதவு திறந்து குளிர்காற்று வரவேற்கிறது. வருவோர்க்கெல்லாம் வரவேற்பு உண்டு. அமர ஆசனம் உண்டு. காலை முதல் நின்ற காலோடு நின்று, முகம் சுளிக்காமல் சேலையை விரித்துக் காட்டி, விரித்ததை மீண்டும் மடித்து வைக்கிறாரே கடைச் சிப்பந்தி, அவருக்கு?

அவருக்கும் இருக்கை உண்டு என்று சொன்னது தமிழகச் சட்டமன்றம். 2021 செப்டம்பரில், கழக ஆட்சியில், 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலே 22-ஏ என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் பெண் ஊழியர்கள் போராடியதன் பயனாகக் கேரளம் 2018-இல் இத்தகைய சட்டம் கண்டது. அடுத்துக் கண்டது தமிழகம். நாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்ததில் தவறில்லை.

ஆனால், சட்டம் சொல்வது என்ன? வேலைக்கிடையே அமரும் வாய்ப்பு வரும்போது அமர்வதற்கு இருக்கை வேண்டும் என்கிறது. வாய்ப்பு வரும்போது! வாய்ப்பே வராதபடி வேலையை அடுக்கிவிட்டால்?

அங்கேதான் இருக்கிறது நிர்வாகத்தாரின் சாமர்த்தியம். நாற்காலியை எடுத்துவிட்டால் சட்டம் கேட்கும். ஆளை எடுத்துவிட்டால்? நால்வர் நின்ற பிரிவில் ஒருவர் ஊருக்குப் போனார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. மற்றொருவர் "நாளை முதல் வரவேண்டாம்" என்ற வாய்மொழியோடு அனுப்பப்பட்டார். எஞ்சிய இருவர் நால்வரின் வேலையைச் செய்கின்றனர். விற்பவரே பில் போடுகிறார்; பில் போட்டவரே கிடங்குக்கு ஓடுகிறார்; ஓடி வந்தவரே கைப்பேசியில் வந்த ஆர்டரைப் பொட்டலம் கட்டுகிறார். வேலை மூன்று, ஊதியம் ஒன்று! மூலையிலே நாற்காலி இருக்கிறது, தூசி படிந்து.

இது கொங்கு மண்ணுக்குப் புதிய வழக்கு அல்ல. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்த நாள் தொட்டு, பஞ்சாலைகளால் வளர்ந்த நகரம் கோவை. அந்த ஆலைகளில் உரிமை தானாக வந்ததா? 1946 ஜனவரி 8-இல் சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வர் தூக்குக் கயிற்றுக்கு உயிர் தந்தனர். அத்தகைய தியாகங்களின் மீது எழுந்த சங்கங்கள்தாம், ஓர் ஆள் எத்தனை இயந்திரம் பார்ப்பது என்பதை முதலாளி மட்டும் முடிவு செய்யலாகாது, பேசித்தான் தீர்க்கவேண்டும் என்ற நிலையை உண்டாக்கின. நூல் நூற்பவருக்கு வேலைக்கு அளவு உண்டு. அந்த நூலில் நெய்த துணியை விற்பவருக்கு அளவு இல்லையா?

சட்டமே இல்லை என்பாரும் உளர். உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது. நீக்கினால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தரவேண்டும் என்கிறது 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. நீக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். ஒரு பிரிவில் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு முன்னறிவிப்பு வேண்டும் என்றது தொழில் தகராறுச் சட்டம். 2025 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அந்த 21 நாள் விதியைக் கொண்டிருக்கிறது. ஏட்டிலே இருப்பதை வீட்டிலே கண்டவர் எத்தனை பேர்?

வணிகரின் வாதமும் நமக்குக் கேட்கிறது. "கைப்பேசியிலே விரல் பட்டால் சேலை வீடு தேடி வருகிறது, வாடகையும் மின்கட்டணமும் எங்களை வாட்டுகின்றன" என்கின்றனர். உண்மைதான். ஈரோட்டுக் கடைவீதியில் மண்டி நடத்திய வணிகர்தாம் தந்தை பெரியார். வணிகத்தைப் பகையாகக் கருதுவோர் அல்லர் நாம். ஆகவே அவர்கள் நலன் கருதியே கேட்கிறோம்: கைப்பேசியில் கிடைக்காத எது உங்கள் கடையில் கிடைக்கிறது? "இந்த நிறம் உங்களுக்கு எடுக்கும் அம்மா" என்று சொல்லும் மனிதர் கிடைக்கிறார்! அவரை வெளியே அனுப்பிவிட்டு, எஞ்சியவரை ஓட ஓட விரட்டிவிட்டு, எதைக் கொண்டு போட்டியிடப் போகிறீர்கள்?

நாம் வேண்டுவன மூன்றே. ஆள் குறைப்பதாயின் எழுத்தில் அறிவித்து, ஊழியரோடு பேசுக. யாருக்கு எது வேலை என்பதை எழுதித் தருக. எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்குச் சட்டப்படி இரட்டிப்பு ஊதியம் தருக. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கடைக்குள் நுழையும்போது நாற்காலியை எண்ணியதோடு நில்லாமல், ஆளையும் எண்ணுக!

கடைச் சிப்பந்தித் தோழர்களே! தனித்தனியே முணுமுணுத்தால் அது மனக்குறை. சேர்ந்து சொன்னால் அது கோரிக்கை. ஆலைத் தொழிலாளி சங்கம் கண்டான், அளவு கண்டான். நீங்களும் சங்கம் காணுங்கள். சட்டம் தந்த இருக்கையில் அமரும் நேரத்தை உங்களுக்குத் தரப்போவது உங்கள் ஒற்றுமைதான்!