வாயிலில் சமத்துவம், வீட்டுக்குள் சாதி

மேடையேறினால் நாம் சமத்துவம் கேட்கிறோம். சம வாய்ப்பு, சம மதிப்பு, சம உரிமை என முழங்குகிறோம். கேட்பது நியாயமே. ஆயினும், பிறரிடம் கேட்கும் அச்சமத்துவத்தை நமக்குள் நாம் வழங்குகிறோமா? இவ்வினாவுக்கு விடையளிக்காத வரையில் நம் முழக்கத்திற்கு வலிமை ஏது?

மலேசியத் தமிழர் பன்மையின் மடியில் வளர்ந்தவர்கள். நான் வளர்ந்த தோட்டத்திற்கு ஒருபுறம் மலாய்க் கம்பம்; மறுபுறம் சீனர் கடைத்தெரு. நோன்புப் பெருநாளன்று கம்பத்திலிருந்து கெத்துப்பாட் வரும். தீபாவளியன்று எங்கள் முறுக்கும் அதிரசமும் அங்குச் செல்லும். மொழி வேறு, சமயம் வேறு. ஆயினும் மனிதரை மனிதராக மதிக்கும் பாடத்தை, ஏட்டைத் திறக்குமுன்பே அவ்வாழ்க்கை எனக்குப் புகட்டியது.

அதே தோட்டத்தில் தமிழர் தந்த பலகாரத்தைத் தமிழரே மறுத்ததும் உண்டு. கம்பத்து வீட்டில் உண்டு மகிழ்ந்தவர், அடுத்த லயத்துத் தமிழர் வீட்டில் தண்ணீர் பருகத் தயங்கினார். என்னே விந்தை! துரையின் கணக்கேட்டில் அனைவரும் ஒரே கூலிகள். நம் கணக்கில் மட்டும் மேலோர், கீழோர்!

கங்காணிகள் தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் கட்டி வந்தனர். ஆளோடு சாதியும் கப்பலேறியது. 1938இல் இந்திய அரசின் தடையால் ஆள்கட்டு நின்றது; சாதி நின்றதா? 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்து சீர்திருத்தம் பேசினார். 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கிய கோ. சாரங்கபாணி அப்பணியை எழுத்தால் தொடர்ந்தார். இத்தனைக்குப் பின்னரும் மணமகள் தேடுகையில் சாதி ஏன்? சாதிக்கொரு சங்கம் ஏன்? சில கோயில்களின் உபயத்திலும் சாதி ஏன்?

“இது பண்பாடு, எவருக்கும் தீங்கில்லை” என்பர் சிலர். தீங்கில்லையா? மனமொத்த இருவரைப் பிரித்துவிட்டு, அதற்குப் பண்பாடு எனப் பெயரிடுவது தமிழுக்கே இழுக்கு. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. வேற்றுமை பாராட்டக் கூடாத காரணங்களுள் பரம்பரையையும் சேர்த்துள்ளது. அவ்விதியைச் சுட்டி உரிமை கோரும் நாமே, பரம்பரை பார்த்துப் பந்தியும் பெண்ணும் மறுக்கலாமா?

ஆசிரியப் பெருமக்களே! சாதியைக் கற்பிக்கும் பாடம் நம் பள்ளிகளில் இல்லை. எனினும் பத்து வயது மாணவன் தன் சாதியைச் சொல்கிறான். வீடு கற்பித்ததை வகுப்பறை மாற்ற வேண்டாமா? சாதிப் பெருமையை விளையாட்டுப் பேச்சென விட்டுவிடாதீர். திருக்குறளை ஒப்புவிக்கச் செய்வதோடு நில்லாமல், உங்கள் இல்லத் திருமணங்களில் அதன்படி நடந்து காட்டுங்கள்.

மாணவ மணிகளே! அயலாரோடு கூடி வாழ இந்நாடு உங்களுக்குக் கற்றுத் தந்துள்ளது. அந்த நற்பண்பை உங்கள் வீட்டுக்குள்ளும் கொண்டு செல்லுங்கள். பெற்றோர் “அவர்கள் என்ன ஆட்கள்?” என்று கேட்டால், “நம் ஆட்கள்” என்று துணிந்து கூறுங்கள். சமத்துவம் கேட்கும் தகுதி அன்றுதான் நமக்கு முழுமையாக வரும்.