தறிக்கு இடப்பக்கம்

பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பதில்லை என்று சபைக் கூட்டங்களில் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தோம். அது பொய். சந்தவாசலைச் சுற்றியுள்ள நெசவு வீடுகளில் பிள்ளைகள் எங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தார்கள் என்று எங்களுக்கே தெரியும்.

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓடவேண்டும், ஒருவர் கையால் ஆகாது. தறிக்கு இடப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவை வீசித் தரவேண்டும். அதற்கு ஆள் வைத்தால் கூலியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. பள்ளிவிட்டு வந்த பிள்ளையை உட்காரவைத்தோம். முன்பணம் வாங்கிய சில வீடுகளில் பிள்ளை பள்ளிக்கே போகவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது குடும்பத்தாரை வைத்து வீட்டில் செய்யும் தொழிலுக்கு அதில் விலக்கு இருந்தது. அந்த விலக்குக்குள் ஒளிந்துகொண்டோம். காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் கொத்தடிமையாகக் கிடந்த பிள்ளைகளைப் பற்றி 2003இல் அமெரிக்க மனித உரிமை அமைப்பு ஒன்று அறிக்கை வெளியிட்டபோதும், அது காஞ்சிபுரத்துச் சங்கதி என்று இருந்துவிட்டோம்.

வேலை வாங்கியது ஒரு பாவம். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. தினம் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், தோளோடு தோள் உரச ஒரே பலகையில் இருந்தோம். பிள்ளைகளோடு பேசச் சொல்லும் உபாகமம் 6ஆம் அதிகாரம், வீட்டில் உட்கார்ந்திருக்கும் வேளையைத்தான் முதலில் சொல்கிறது. அந்த வேளை எங்களுக்கு நாள் தவறாமல் வாய்த்தது. "வீசு", "இழு", "தூங்காதே" என்ற மூன்று வார்த்தையில் அதைத் தீர்த்தோம்.

என் மகளுக்கு அப்போது பதினோரு வயது. விளக்கு போட்ட நேரம். நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, வீசாமல், "அப்பா, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள். மறுநாள் சேலையை அறுத்துக் கொடுக்கவேண்டும், இன்னும் ஒன்றரை முழம் பாக்கி. "நாடாவைப் பாரு" என்றேன். அவள் வீசினாள். அவள் ஆள்காட்டி விரல் ஓரத்தில் இழை உரசிச் சிவந்திருந்தது மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.

1853இல் ஸ்கட்டர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழியாகத்தான் இந்தப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றுக்குச் சபையும் பள்ளியும் வந்தன. நல்லதுதான். நாங்களோ அதைச் சாக்காக்கிப் பிள்ளையின் ஆத்துமாவை ஓய்வுநாள் பள்ளியிடமும், படிப்பை வாத்தியாரிடமும், ஒழுக்கத்தைப் பிரம்பிடமும் ஒப்படைத்தோம். ஞானஸ்நானத்தன்று தண்ணீர்த்தொட்டி அருகே நின்று வாக்குக் கொடுத்தவர்கள் பெற்றோரும் சபையும். மே மாதத்து விடுமுறை வேதாகமப் பள்ளியின் பத்து நாளில் அந்த வாக்கு நிறைவேறிவிடும் என்று நம்பினோம். பள்ளியில் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொன்ன பிறகும், "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல அடிங்க சார்" என்று வாசலில் நின்று சொன்னவர்கள் நாங்கள்தான்.

அதற்கு வேதாகமத்து ஆசாரியன் ஏலியின் கதையைத் துணைக்கு அழைத்தோம். பிள்ளைகளை அடக்காததால் கெட்டான் என்று பிரசங்கத்தில் கேட்டது பிரம்புக்கு வசதியாக இருந்தது. அதே ஏலியை, கண் மங்கிய கிழவனை, அவன் கூப்பிட்டதாக நினைத்து நடுராத்திரியில் சாமுவேல் என்ற சிறுவன் மூன்று தரம் எழுப்பினான். ஏலி ஒரு தரமும் சிடுசிடுக்கவில்லை. மூன்றாம் தரம், பையனுக்கு என்னவோ கேட்கிறது என்று புரிந்துகொண்டு, என்ன பதில் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். இதை எங்கள் வீட்டு ஜெபத்தில் ஒருநாளும் வாசித்துப் பேசியதில்லை. குடும்ப ஜெபம் என்பது பிள்ளை அன்று செய்த தப்பை ஆண்டவரிடம் சத்தமாகக் கோள் சொல்லும் நேரமாக இருந்தது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று எபேசியர் நிருபம் தகப்பன்மாருக்குச் சொல்வதைப் பிள்ளைகள் கேட்க நாங்கள் வாசிக்கவேயில்லை.

இப்போது பிள்ளைகள் தறியில் உட்காருவதில்லை. பெரியவர்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். 2020இல் பள்ளி மூடியபோது கடன் வாங்கிச் சின்னவர்களுக்குப் போன் வாங்கிக் கொடுத்தோம். பாடம் முடிந்த பிறகும் அது கையை விட்டு இறங்கவில்லை. ராத்திரி போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தால் பிடுங்குகிறோம், திட்டுகிறோம். யாரோடு பேசுகிறாய், என்ன பேசுகிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க இப்போதும் எங்களுக்கு வாய் வரவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு மகள் வந்திருந்தாள். அவளுக்கே இப்போது பத்து வயதில் ஒரு பெண் இருக்கிறது. தறிப்பக்கம் நின்றுகொண்டிருந்தவளிடம், "அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தியேம்மா, நான் கேக்கலையே, என்னம்மா அது?" என்றேன். எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. பலகையைக் கையால் ஒருதரம் தடவினாள்.

"இப்ப எதுக்குப்பா அது?" என்றாள்.