கலப்பை மட்டமாக நிற்கிறதா?



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். மாரி மழையோடு பெரும்போக வேலை தொடங்கிவிட்டால் அந்த வீடுகளில் எழும் முதல் கேள்வி, “உழவு மெஷின் எப்ப வரும்?” என்பதுதான். வந்த மெஷின் எப்படி உழுதது என்று கேட்பவர் குறைவு. ஏக்கர் கணக்கில் கூலி பேசுகிறோம்; மண் புரண்டு கறுப்பாகத் தெரிந்தால் திருப்தியோடு காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். கலப்பை கோணலாக நின்று உழுதிருந்தால், அதன் நட்டம் களையாகவும் தண்ணீர்ச் செலவாகவும் போகம் முடியும் வரை நம்மைத் தொடரும்.

நம் பகுதியில் பெரும்பாலும் மண்ணைக் கீறிவிடும் முட்கலப்பையே ஓடுகிறது. அது புல்லை அறுக்கும், புதைக்காது. வளைதகட்டுக் கலப்பையோ, கொழுவால் மண்ணை வெட்டி, வளைந்த தகட்டால் வலப்பக்கம் புரட்டிப் போடும். மேலே இருந்த புல்லும் வைக்கோலும் கீழே போய் மக்கி உரமாகும். 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டபோதும், 2021இல் இரசாயன உரமும் விவசாய நாசினிகளும் திடீரென நிறுத்தப்பட்டபோதும் களையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2022இல் டீசலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றதையும் நாம் மறந்துவிடவில்லை. சரியாகப் பூட்டிய கலப்பை களையையும் அடக்கும், டீசலையும் மிச்சப்படுத்தும்.

பழைய மெஷினில் இதெல்லாம் நடக்குமா என்று நினைக்காதீர்கள். 1957இல் வெளிவந்த மாஸி பெர்குசன் 35, 1964இல் வந்த 135 ஆகியவை இப்படிப்பட்ட கலப்பையை இழுப்பதற்கென்றே அமைக்கப்பட்டவை. அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பெர்குசன் (1884–1960) என்பவர், கலப்பையைச் சங்கிலியால் இழுக்காமல், கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று இடங்களில் மெஷினோடு பிணைக்கும் முறையை உருவாக்கினார். மேலே இருப்பதைத்தான் நம்மவர் ‘டொப் லிங்க்’ என்கிறார்கள். மண் இறுகினால் அந்தத் தண்டு மெஷினை நோக்கி அழுத்தும். உடனே ஹைட்ரோலிக் கலப்பையைச் சற்று உயர்த்திக்கொள்ளும். மெஷின் கிழடாகியிருந்தாலும், பிணைப்புகளில் அதிக ஆட்டமும் ஹைட்ரோலிக்கில் கோளாறும் இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு இன்றும் வேலை செய்யும்.

இனி, நீங்கள் கவனிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலில் மண். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டு, விரலால் அழுத்தும்போது உடைந்தால் உழவுக்கு ஏற்ற ஈரம். பிசினாக ஒட்டினால் இரண்டொரு நாள் பொறுங்கள். தூளாக உதிர்ந்தால் இன்னொரு மழை வேண்டும்.

இரண்டாவது, பின் டயர்கள். இரண்டிலும் காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தணிந்தால் கலப்பையும் அந்தப் பக்கம் சாயும். மற்றதை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை.

மூன்றாவது, பக்க மட்டம். உழும்போது மெஷினின் வலப்பக்கச் சில்லுகள் சாலுக்குள் ஓடும். இடப்பக்கச் சில்லுகள் உழாத தரையில் ஓடும். ஆகவே மெஷின் வலப்புறம் சாய்ந்தே நிற்கும். அதற்கேற்ப வலப்பக்கத் தூக்குத்தண்டிலுள்ள கைப்பிடியைச் சுற்றி, அந்தப் பக்கத்தை உயர்த்த வேண்டும். இதை வளவிலேயே செய்துவிடலாம். ஆறு அங்குல ஆழம் உழுவதானால், ஆறு அங்குல உயரமுள்ள பலமான மரக்குற்றிகளின் மேல் இடப்பக்கச் சில்லுகள் இரண்டையும் ஏற்றுங்கள். மேசன் பாவிக்கும் நீர்மட்டத்தைக் கலப்பைச் சட்டத்தின் குறுக்கே வைத்து, குமிழி நடுவே வரும்வரை கைப்பிடியைச் சுற்றுங்கள். வயலில் முதற்சாலுக்கு மட்டும் இதை மாற்ற வேண்டும். அப்போது நான்கு சில்லுகளும் தரையில்தானே நிற்கின்றன!

நான்காவது, முன்பின் மட்டம். இது டொப் லிங்கின் வேலை. அதைக் குறுக்கினால் கலப்பையின் மூக்கு கீழே குத்தும். முன்கொழு ஆழமாகவும் பின்கொழு மேலாகவும் ஓடும். நீட்டினால் வால் கனத்து, கொழு மண்ணில் இறங்க மறுக்கும். இரண்டு கொழுக்களும் ஒரே ஆழத்தில் ஓடும்வரை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருத்துங்கள். கொழு தேய்ந்து மொட்டையாகியிருந்தால் எந்தத் திருத்தமும் உதவாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

ஐந்தாவது, அகலம். முன்கொழு வெட்டும் மண்ணும் பின்கொழு வெட்டும் மண்ணும் ஒரே அகலத்தில் புரள வேண்டும். இல்லையேல் உழுத நிலம் மேடும் பள்ளமுமாகத் தெரியும். கலப்பையின் குறுக்குத்தண்டைச் சிறிது திருப்பினால் இது சரியாகும்.

ஆழத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. “ஆழ உழுதால் நல்லது” என்று பலர் நினைக்கிறார்கள். நெல் வயலுக்கு அது பொருந்தாது. வருடக்கணக்காகச் சேறடித்த வயலின் அடியில் இறுகிய ஒரு தட்டு உண்டு. தண்ணீரைத் தாங்குவது அதுதான். அதை உடைத்துவிட்டால் கட்டிய தண்ணீர் கீழே இறங்கிவிடும், மெஷினும் புதையும். வாவியோரத்துத் தாழ்ந்த வயல்களில் அடிமண்ணில் உப்பு இருக்குமானால் அதையும் மேலே கொண்டுவந்துவிடுவோம். ஆகவே ஆறு அங்குலம் போதும். கம்பியொன்றில் அடையாளம் வைத்து, நாலைந்து இடங்களில் சாலை அளந்து பாருங்கள்.

வரவை மட்டமாக இருக்க இன்னொன்றும் செய்ய வேண்டும். இந்தக் கலப்பை எப்போதும் வலப்பக்கமே மண்ணைத் தள்ளும். நடுவில் தொடங்கி வலப்புறமாகச் சுற்றிவந்தால் நடுவில் மேடு விழும். ஓரத்தில் தொடங்கி இடப்புறமாகச் சுற்றினால் நடுவில் பள்ளம் விழும். ஒரு வருடம் அப்படி, மறுவருடம் இப்படி என்று மாற்றிச் செய்தால் வரவை சமப்படும்.

பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை. தூக்கி நிற்கும் கலப்பையைத் தாங்குவது எண்ணெயின் அழுத்தம் மட்டுமே. பழைய மெஷினில் அது எந்த நொடியும் இறங்கலாம். திருத்தும்போது கலப்பையைத் தரையில் இறக்குங்கள்; அல்லது அடியில் பலமான குற்றி வையுங்கள். எஞ்சினை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள். “மாமா, நானும் வாறன்” என்று மட்காட்டில் ஏறும் பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கிவிடுங்கள். சாலில் ஒரு குலுக்கல் போதும், பிள்ளை சில்லுக்கு அடியில் விழ.

கூலிக்கு உழும் தம்பிமாரே, ஒரு நாளில் கூடுதலான ஏக்கர் முடிக்க வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. டீசல் உங்களுடையது, பொழுதும் உங்களுடையது. ஆனால் வயல் இன்னொருவருடைய ஒரு வருடச் சோறு. கலப்பையைத் திருத்த அரைமணி நேரம் செலவானால், அது டீசலில் உங்களுக்கே திரும்பிவரும். வாங்கும் கூலியும் மனதுக்கு நிறைவாக இருக்கும்.

வயற்காரருக்கும் ஒரு கடமை உண்டு. அந்த அரைமணி நேரத்துக்கு முகம் சுளிக்காதீர்கள். முதல் இரண்டு சால் ஓடியதும் மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள். வரம்பில் நிற்காமல் சாலுக்குள் இறங்கிப் பாருங்கள். சாலின் அடி தட்டையாக, சுவர் செங்குத்தாக, புல் முழுதும் மண்ணுக்குள் போயிருந்தால், “சரி, ஓடுங்க தம்பி” என்று சொல்லலாம். இல்லையேல் மூன்றாம் சாலுக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். முழு வயலும் உழுது முடிந்தபின் திருத்த எதுவும் மிஞ்சாது.