காணித் தரகும் கணக்குக் கொப்பியும்

காணித் தரகர் என்றதும் நம்மவர் முகம் சற்றுச் சுளிப்பது வழக்கம். கக்கத்தில் ஒரு பையும் கையில் ஒரு குடையுமாகச் சந்தியில் நின்றவர் முன்னாளைய தரகர். மோட்டார் சைக்கிளும், கைத்தொலைபேசி நிறையக் காணிப் படங்களுமாக வருபவர் இந்நாளைய தரகர். கோலம் மாறினும் பெயர் மாறவில்லை. ஆயினும் மகளுக்குச் சீதனமாக வீடு தேடும் தந்தையும், கனடாவிலிருந்து பூர்வீகக் காணியை விற்க விரும்பும் மகனும், கொழும்பில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பும் தம்பதியரும் ஈற்றில் நாடுவது அவரைத்தான். ஒரு குடும்பம் வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருள் அவர் சொல்லை நம்பிக் கைமாறுகிறது. பரீட்சை எழுதிவிட்டு என் செய்வோம் என்றிருக்கும் இளைஞர் சிலரும் இத்தொழிலில் இறங்கி வருவதால், இவ்வாரம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

இத்தொழிலில் இரு வேலைகள் உண்டு. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்று. தரகர் தமது வியாபாரத்தைத் தாமே நடத்திக் கொள்ளும் வேலை மற்றொன்று. முன்னையது நன்றாக நடந்தால் பின்னையது தானே நடக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணியவர்கள் நல்ல மனமுடையவர்களாக இருந்தும் நாளடைவில் வாயில் வந்ததைச் சொல்லும் தரகர்களாகிவிடுவதை நாம் காண்கிறோம். அதற்குக் காரணம் அவர்களின் குணமன்று. அவர்களது கணக்கே என்பது எமது எண்ணம்.

முதலில் வாடிக்கையாளருக்குரிய வேலையைப் பார்ப்போம். காணியைக் காட்டுவது அதில் மிகச் சிறிய பகுதி. உறுதியை வாசிக்கத் தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்தில் பரப்பும் குழியும் வழங்குகின்றன. கொழும்பில் பேர்ச் வழங்குகிறது. ஓர் ஏக்கர் 160 பேர்ச். அதுவே 16 பரப்பு. எனவே ஒரு பரப்பு 10 பேர்ச். வெள்ளவத்தையில் பழகியவர் இணுவிலில் காணி பார்க்கும்போது, இந்த எளிய கணக்கைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் விலையைத் தவறாக ஒப்பிட்டு மயங்குகிறார். அடுத்தது எல்லை. பழைய உறுதியின் நான்கு எல்லைகளிலும் இருப்பவை என்றோ காலஞ்சென்ற அயலவரின் பெயர்கள். இன்று அவ்விடத்தில் இருப்பவர் யார் என்பதைத் தரகர் நடந்து சென்று கேட்டறிய வேண்டும். பின்பு கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை. உறுதியின் கடைசி வரிகளில் ஒதுங்கிக் கிடக்கும் இச்சொற்களில்தான் அயலாரோடு வருங்காலத்தில் வரப்போகும் சமாதானமும் சண்டையும் அடங்கியிருக்கின்றன. பங்குக் கிணற்றில் எத்தனை பேருக்கு உரித்து உண்டு, ஒழுங்கையால் கல் ஏற்றிய லொறி வருமா, வேலி யாருடையது என்பனவற்றை வாங்குபவர் கேட்குமுன் தரகர் அறிந்திருக்க வேண்டும்.

சட்டமும் ஓரளவு தெரிந்திருத்தல் அவசியம். காணி விற்பனை வாய்ப்பேச்சால் நிறைவேறாது. பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் கையொப்பமிட்ட உறுதியே செல்லும் என்பதை 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் வகுத்தது. தேசவழமைக்கு உட்பட்டோரின் பிரிக்கப்படாத பங்கு விற்கப்படும்போது, பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் சட்டம் அதனை ஒழுங்குபடுத்தியது. தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது 1911 ஆம் ஆண்டின் சட்டம். விற்பவர் வெளிநாட்டிலிருந்தால் அவரது அற்றோணித் தத்துவம் செல்லுபடியானதா, அது ரத்துச் செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் தீர்த்து வைப்பது நொத்தாரிசின் கடமையே. ஆயினும் இந்தக் காணியில் இப்படியொரு சிக்கல் இருக்கக்கூடும் என்று முதல் நாளே மணந்து அறிபவர் தரகர். அறிந்தும் அவர் சொல்வாரா என்பதே கேள்வி.

அவர் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவர் வீட்டு அடுப்பைப் பொறுத்திருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது இலட்சம் ரூபா பெறுமதியான காணி ஒன்று விலைப்படுகிறது. தரகு நூற்றுக்கு இரண்டு என்று பேசியிருந்தால் ஓர் இலட்சம் ரூபா. வாங்குபவரைக் கூட்டி வந்தவர் வேறொரு தரகர், பாதி அவருக்கு. மிகுதி 50,000. முதல் நாள் காணி காட்டியது தொடக்கம் உறுதி முடியும் வரை நான்கு மாதம் சென்றிருந்தால், மாதத்துக்கு 12,500 ரூபாவே விழுகிறது. எரிபொருள், தொலைபேசி, விளம்பரம், காணிக் கந்தோரில் எடுத்த பிரதிகள் யாவும் இதற்குள் அடங்க வேண்டும். காட்டிய காணிகளில் விலைப்படாதவற்றுக்கு ஒரு சதமும் இல்லை. மாதச் சம்பளம் இல்லை. ஊழியர் சேமலாப நிதி இல்லை.

இந்த நிலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சித்திரை மாதத்தில் காணி பார்க்க வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். நிலம் காய்ந்து கிடக்கிறது, பார்வைக்கு நன்றாயிருக்கிறது. கார்த்திகையிலும் மார்கழியிலும் அங்கே முழங்கால் வெள்ளம் நிற்பது தரகருக்குத் தெரியும். மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைத்திருப்பவர், “மாஸ்டர், அவசரப்படாதேங்கோ. மாரியிலை ஒருக்கால் வந்து பாத்திட்டு முடிவெடுங்கோ” என்று சொல்லிவிடுவார். மளிகைக் கடையில் கடன் வைத்திருப்பவர் அதனைச் சொல்ல மாட்டார். சொல்ல அவரால் முடியாது. இருவருக்கும் மனச்சாட்சி ஒன்றாகவே இருக்கலாம். ஒருவரிடம் மூன்று மாத அரிசி இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. நேர்மைக்கும் முதல் வேண்டும் என்று சொன்னால் சிலர் கோபிப்பர். கோபித்தாலும் நிலைமை அதுதான்.

ஆகவேதான் வியாபாரத் திறமை என்பதை ஆடம்பரம் என்று ஒதுக்குதல் ஆகாது. முதலாவது தேவை ஒரு கொப்பி. எந்தக் காணி, யார் விற்பவர், என்ன விலை கேட்டார், எந்த உறுதியைப் பார்த்தோம், யாருக்கு எப்போது காட்டினோம் என்பவை திகதியுடன் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, தரகு எவ்வளவு, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி இரு பகுதியாரும் கையொப்பமிடுதல். காணிக்கு உறுதி வேண்டுமென்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் தரகர், தமது கூலிக்கு மட்டும் ஒரு துண்டுக் கடுதாசியும் வாங்காமல் விடுவது விந்தையிலும் விந்தை! மூன்றாவது, ஒரு காணி விலைப்படும் தறுவாயில் இருக்கும்போதே அடுத்ததைத் தேடத் தொடங்குதல். உறுதி முடியும் வாரத்தில் மகிழ்ந்திருந்து விட்டு அடுத்த வாரம் வெறுங்கையோடு புறப்படுபவர் மீண்டும் நான்கு மாதம் பின்னே நிற்கிறார்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாங்குபவர் கொடுக்கும் முற்பணம் தரகரின் சட்டைப் பையில் ஒரு நாளேனும் தங்குதல் கூடாது. அது நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தோடு விற்பவர் கைக்குச் செல்ல வேண்டும். இன்னொரு வழக்கமும் நம்மிடையே உண்டு. விற்பவரிடம் நாற்பத்தைந்து என்று முடித்து, வாங்குபவரிடம் ஐம்பது என்று சொல்லி, நடுவிலுள்ள ஐந்தைத் தரகர் எடுத்துக் கொள்வது. இதனைச் சாமர்த்தியம் என்பாரும் உளர். ஒருவருக்காக வேலை செய்பவர் அவருக்குத் தெரியாமல் இலாபம் எடுத்தல் முறையன்று. அதோடு உறுதி எழுதும் மேசையில் இரு பகுதியாரும் விலையைப் பேசிக் கொண்டால் அவ்வளவில் அத்தரகரின் பெயர் முடிந்தது. இரு பக்கமும் தரகு வாங்குவதானால் அதை இரு பக்கத்துக்கும் சொல்லிவிட்டு வாங்கலாம்.

முத்திரைத் தீர்வையையும் வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விற்பனை உறுதிக்கு முதல் இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் என்ற கணக்கில், ஐம்பது இலட்சத்துக்கு 199,000 ரூபா வருகிறது. சேமித்ததையெல்லாம் விலைக்கே ஒதுக்கிய குடும்பம் உறுதி முடிக்கும் நாளில் இதைக் கேட்டால், தாலிக்கொடி அடகுக்குப் போகும்.

நேரத்தைப் பங்கிடுவது அவ்வளவு கடினமன்று. கந்தோர்கள் திறந்திருக்கும் நாள்களில் உறுதி தேடலும் எல்லை விசாரிப்பும். சனி ஞாயிறுகளில் காணி காட்டல். ஒரு மாலைப்பொழுது கணக்குக்கு. வெளிநாட்டிலிருப்போர் நள்ளிரவில் அழைப்பர். அதற்கும் ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுத்தால் அவர்களே மதிப்பர்.

மறுபக்கத்துத் தவறும் உண்டு. கண்ணாடி போட்ட கந்தோர், மின்விளக்குப் பெயர்ப்பலகை, முகநூல் விளம்பரம் எல்லாம் வைத்திருப்பார். காணியின் மேற்கெல்லை எது என்று கேட்டால் உதவியாளரைத் தேடுவார். அவரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வாங்குபவரே விரைவில் கண்டு கொள்வர்.

குடும்பத்தினரின் பக்கத்தையும் சொல்லாமல் விடுதல் நியாயமாகாது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு தரகரை வெயிலில் அலைத்து, காணியைக் கண்டு பிடித்தபின், விற்பவரை இரவில் தனியே சந்தித்துத் தரகை மிச்சம் பிடிக்கும் பெரியோர் நம்மூரில் குறைவல்லர். அப்படி மிச்சம் பிடித்த வீடுகளில்தான் தரகரெல்லாம் கள்ளர் என்ற பேச்சும் பலமாகக் கேட்கிறது. அடுத்த முறை அத்தரகர் முதல் நாளே முற்பணம் கேட்டால் அவரை நோவது எப்படி?

உறுதி முடிந்தபின்னும் ஒரு வேலை மிஞ்சியிருக்கிறது. உள்ளூராட்சிச் சபையில் சோலைவரிப் பதிவையும், மின்சாரக் கணக்கையும் புதிய பெயருக்கு மாற்ற வழிகாட்டுதல். அரை நாள் போகும், கூலி இல்லை. அடுத்த வாடிக்கையாளர் பெரும்பாலும் அந்த அரை நாளிலிருந்தே வருகிறார்.

இத்துறையில் விருப்பமுள்ள மாணவர் முதலில் தம் வீட்டுப் பெட்டியிலுள்ள உறுதியைப் பெற்றோரின் அனுமதியுடன் எடுத்து வாசித்துப் பார்க்கட்டும். காணியின் பெயர், பரப்பளவு, நான்கு எல்லைகள், கிணற்றுப் பங்கு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக் கொண்டு, அப்பாவையோ அப்பப்பாவையோ அழைத்துக் கொண்டு வேலியோரமாக ஒரு சுற்று நடந்து வரட்டும். உறுதியில் உள்ளது எங்கே, நிலத்தில் உள்ளது எங்கே என்று அப்போது தெரியும்.